கவுன்ட்டரில் 1 போடுவதா, 2 போடுவதா?

வாசகர் கேள்வி: எங்கள் ஆர்டர் பதிவு சிஸ்டம் ஐபிஎம் ஐ (IBM i) என்ற இயங்குதளத்தில் ஓடுகிறது. பழைய ஆர்பிஜி/400 மொழிப் புரோகிராம்களை அதன் புதிய வடிவமான ஆர்பிஜி 4-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பிழை மெசேஜ் அனுப்புவதற்கென்று ஒரு பொது ப்ரொசீஜர் எழுதி, சர்வீஸ் புரோகிராமில் (பல புரோகிராம்களும் பகிரும் ப்ரொசீஜர் தொகுப்பு) வைத்திருக்கிறேன். என் புரோகிராமை அழைத்தவருக்கு எஸ்கேப் மெசேஜ், அதாவது வேலையை அங்கேயே வெட்டிவிடும் பிழை மெசேஜ், போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். மெசேஜ் எத்தனை படி மேலே போகவேண்டும் என்று சொல்லும் கால் ஸ்டேக் (யார் யாரை அழைத்தார் என்ற அடுக்கு) கவுன்ட்டரில் 1 போட்டால், சில இடங்களில் பயனர் முன்னால் கேள்வி மெசேஜ் வந்து நிற்கிறது. 2 போட்டால், சில புரோகிராம்களில் சரியாக வேலை செய்கிறது; சிலவற்றில் நான் அனுப்பிய மெசேஜுக்குப் பதிலாக சிஇஇ9901 என்ற சிஸ்டம் மெசேஜ் போய்ச் சேருகிறது. சரியான எண் எது? இப்போதைக்கு ஒவ்வொரு மட்டத்திலும் மானிட்டர் (பிழையைப் பிடிக்கும் பகுதி) போட்டு, ஒரு எரர் ஃபிளாகைத் திருப்பி அனுப்புகிறேன். கடைசியில் திரையில் ‘பிழை ஏற்பட்டது’ என்று மட்டும்தான் காட்ட முடிகிறது. இன்னொரு சின்னச் சந்தேகம்: மெசேஜின் முற்றுப்புள்ளி வாக்கியத்தை விட்டு எங்கேயோ தள்ளிப்போய் நிற்கிறது. ஏன்?

பதில்:

சரியான எண் என்று ஒன்று இல்லை. உங்கள் பொது ப்ரொசீஜரை யார் அழைக்கிறார்கள், எத்தனை படி ஆழத்திலிருந்து அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். இன்று 2 சரி என்று வைத்துவிட்டால், நாளைக்கு யாராவது நடுவில் ஒரு சப்ப்ரொசீஜரைச் செருகும்போது அது தப்பாகிவிடும். அதனால் எண்ணுவதையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. எப்படி விடுவது என்பதற்கு முன்னால், இப்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ‘சில இடங்களில் சரி, சில இடங்களில் தப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆர்பிஜி/400 காலத்தில் ஒரு புரோகிராமுக்கு ஸ்டேக்கில் ஒரே ஒரு படி. புரோகிராம் தன் பெயரில் அங்கே நிற்கும், அதற்கு மேலே அதை அழைத்த புரோகிராம். கவுன்ட்டரில் 1 என்றால் அழைத்தவர், அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. 1994-இல் ஆர்பிஜி 4 வந்தபோது அந்தக் கணக்கு உடைந்துபோனது. இப்போது ஒவ்வொரு ப்ரொசீஜரும் ஸ்டேக்கில் தனிப் படி. அது போதாதென்று, ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்பைலர் தானாகவே ஒரு என்ட்ரி ப்ரொசீஜரைச் சேர்க்கிறது. அதைப் பிஇபி என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜாபின் கால் ஸ்டேக்கைத் திறந்து பாருங்கள்; அடிக்கோட்டில் தொடங்கி கியூஆர்என்பி, பிஇபி என்ற எழுத்துகளோடு உங்கள் புரோகிராம் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரு வரி இருக்கும். நீங்கள் எழுதாத, ஆனால் உங்கள் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் படி அது.

உங்கள் நிலவரத்துக்கு வருவோம். ஆர்டர் திரை புரோகிராம் சரிபார்ப்பு புரோகிராமை அழைக்கிறது. சரிபார்ப்பின் மெயின் ப்ரொசீஜர் உங்கள் பொது ப்ரொசீஜரை அழைக்கிறது. பொது ப்ரொசீஜர், மெசேஜ் அனுப்பும் ஏபிஐ-யை (சிஸ்டமே தரும் புரோகிராம்), அதாவது கியூஎம்எச்எஸ்என்டிபிஎம்-ஐ அழைக்கிறது. (ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை முழுதாக எழுத எனக்குப் பொறுமையில்லை; இனி அனுப்பும் ஏபிஐ என்றே சொல்கிறேன்.) அனுப்பும் ஏபிஐ-யின் பார்வையில் 0 என்பது அதை அழைத்த பொது ப்ரொசீஜர். 1 என்பது சரிபார்ப்பின் மெயின் ப்ரொசீஜர். 2 என்பது சரிபார்ப்பின் பிஇபி. 3-தான் ஆர்டர் திரை. ஆக, இந்தப் பாதையில் நீங்கள் தேடும் எண் 3. ஆனால் அதே பொது ப்ரொசீஜரை விலை கணக்கிடும் சர்வீஸ் புரோகிராமிலிருந்து அழைத்தால் நடுவில் பிஇபி கிடையாது, சர்வீஸ் புரோகிராமுக்குப் பிஇபி இல்லை. அங்கே 0 பொது ப்ரொசீஜர், 1 விலை ப்ரொசீஜர், 2 ஆர்டர் திரை. அங்கே 2-தான் சரி. இதனால்தான் 2 சில இடங்களில் பொருந்துகிறது.

அப்படியென்றால் பிஇபி இருக்கும் எல்லா இடத்திலும் 2 தப்பாகவே போகவேண்டுமே, சில இடங்களில் எப்படித் தப்பிக்கிறது? இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலரும் நாள்கணக்கில் அலைகிறார்கள், நானும் அலைந்திருக்கிறேன். ஐஎல்இ-யில் (ஆர்பிஜி 4 ஓடும் புதிய சூழல்), ஒரு படிக்கு வந்த எஸ்கேப் மெசேஜை அந்தப் படி கையாளவில்லை என்றால், அது உடனே பெரிய பிழையாக மாறிவிடாது. மேலே இருக்கும் படிக்கு ஏறும்; அங்கேயும் ஆள் இல்லையென்றால் அதற்கும் மேலே. இப்படிக் கன்ட்ரோல் பவுண்டரி வரும்வரை ஏறிக்கொண்டே போகும். கன்ட்ரோல் பவுண்டரி என்பது, தனக்கு முந்தைய படி வேறு ஆக்டிவேஷன் குரூப்பிலோ (ஜாபுக்குள் புரோகிராம்கள் சேர்ந்து ஓடும் தனி அறை போன்றது) ஐஎல்இ-க்கு முந்தைய ஓபிஎம் வகைப் புரோகிராமாகவோ இருக்கிற ஐஎல்இ படி. ஆர்டர் திரையும் சரிபார்ப்பும் ஒரே ஆக்டிவேஷன் குரூப்பில் இருந்தால், பிஇபி-யில் தப்பாக விழுந்த மெசேஜ் ஒரு படி ஏறி, ஆர்டர் திரையின் மானிட்டரில் போய்ப் பிடிபடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அது சரியாக வேலை செய்யவில்லை, தற்செயலாகப் பிடிபட்டது.

சரிபார்ப்பு புரோகிராம் *நியூ, அதாவது ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாகும், ஆக்டிவேஷன் குரூப்பில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அதை ஒரு பழைய ஓபிஎம் சிஎல் (சிஸ்டத்தின் கட்டளை மொழி) புரோகிராம் அழைக்கிறது. இப்போது அந்தப் பிஇபி-யே கன்ட்ரோல் பவுண்டரி. மெசேஜ் மேலே ஏற வழியில்லை. சிஸ்டம் அதை ஃபங்ஷன் செக்காக (யாரும் கையாளாத பிழை என்ற அறிவிப்பு), சிபிஎஃப்9999-ஆக மாற்றுகிறது. அதையும் யாரும் கையாளவில்லை என்றால் பவுண்டரியை முடித்துவிட்டு, அதற்கு முந்தைய படிக்கு ‘அப்ளிகேஷன் எரர்’ என்ற பொதுவான மெசேஜை அனுப்புகிறது. அதுதான் உங்கள் சிஇஇ9901. உங்கள் மூல மெசேஜ் தொலைந்துவிடவில்லை, ஜாப் லாக்கில் (ஜாபின் பதிவேடு) இருக்கும். ஆனால் அழைத்தவரின் கைக்கு வந்திருப்பது அது அல்ல. சிஇஇ9901-இன் வாசகத்தில் எந்த மெசேஜ், எந்தப் புரோகிராமில், எந்த வரியில் கையாளப்படாமல் போனது என்று இருக்கும். அதைப் படித்துப் பார்த்திருந்தால் பிஇபி பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

1 போட்டபோது வந்த கேள்வி மெசேஜுக்கும் இதே கதைதான். 1 என்றால், உங்கள் பொது ப்ரொசீஜரை அழைத்த அந்த ஆளுக்கே எஸ்கேப் திரும்பி வந்து விழுகிறது. அவர் மானிட்டர் போடவில்லை, மேலே பவுண்டரிக்குள் யாரும் பிடிக்கவில்லை என்றால் ஃபங்ஷன் செக். சைக்கிள் மெயின் (ஆர்பிஜி-யின் பழைய பாணி மெயின்) ப்ரொசீஜரில் ஃபங்ஷன் செக் வந்தால் ஆர்பிஜி-யின் இயல்பான பழக்கம், பயனரிடம் கேள்வி கேட்பது: ‘இன்னதற்கான அழைப்பு பிழையில் முடிந்தது, சி, ஜி, டி, எஃப்?’ என்கிற ஆர்என்கியூ0202. பயனருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது, எதையாவது அழுத்துவார். பேட்ச் ஜாபில் இது வந்தால் இன்னும் மோசம்: கேள்வி ஆபரேட்டர் கியூவுக்குப் போகும், ஜாப் பதிலுக்காக நின்றுகொண்டே இருக்கும், காலையில் யாராவது பார்க்கும்வரை.

சரி, எண்ணாமல் எப்படி அனுப்புவது?

அனுப்பும் ஏபிஐ-யில் ஆறாவது பாராமீட்டர் கால் ஸ்டேக் படி, ஏழாவது கவுன்ட்டர். ஆறாவதில் நீங்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பீர்கள், அப்படியென்றால் ‘இப்போதைய படியிலிருந்து எண்ணு’ என்று பொருள். அதற்குப் பதிலாக *பிஜிஎம்பிடிஒய் என்று கொடுக்கலாம். அது புரோகிராமின் எல்லையைக் குறிக்கும். அதோடு கவுன்ட்டர் 1 கொடுத்தால், ‘இந்தப் புரோகிராமின் எல்லைக்கு முந்தைய படி’, அதாவது இந்தப் புரோகிராமை அழைத்தவர். உள்ளே நீங்கள் எத்தனை சப்ப்ரொசீஜர் ஆழத்தில் இருந்தாலும், பிஇபி நடுவில் இருந்தாலும், கணக்கு மாறாது. உங்களுக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது, இதில் நீங்கள் நிச்சயம் மாட்டுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘இந்தப் புரோகிராம்’ என்பது ஏபிஐ-யை அழைக்கும் ப்ரொசீஜர் எந்தப் புரோகிராமில் அல்லது சர்வீஸ் புரோகிராமில் இருக்கிறதோ அது. உங்கள் பொது ப்ரொசீஜர் சர்வீஸ் புரோகிராமில் இருக்கிறது. அங்கிருந்து *பிஜிஎம்பிடிஒய், 1 என்று கொடுத்தால் சர்வீஸ் புரோகிராமின் எல்லைக்கு முந்தைய படி கிடைக்கும். அது சரிபார்ப்பின் மெயின் ப்ரொசீஜர். மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்! ஆகவே அந்தப் பொது ப்ரொசீஜர் இருக்கும் மாட்யூலைச் சர்வீஸ் புரோகிராமிலிருந்து எடுத்து, ஒவ்வொரு புரோகிராமிலும் மாட்யூலாகவே பைண்ட் செய்துவிடுங்கள், அதாவது அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அல்லது சோர்ஸைக் காப்பி மெம்பராக வைத்து உள்ளே இழுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அந்த நிரல் இப்போது அந்தப் புரோகிராமின் பகுதி. எல்லை என்றால் அந்தப் புரோகிராமின் எல்லை. பத்து வரி நிரலை நாற்பது புரோகிராமில் பைண்ட் செய்வது பழையபாணி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

*சிடிஎல்பிடிஒய் என்றும் ஒன்று உண்டு, கன்ட்ரோல் பவுண்டரியைக் குறிக்கும். சிலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாப் புரோகிராமும் ஒரே ஆக்டிவேஷன் குரூப்பில் ஓடும் சிஸ்டத்தில் அருகிலுள்ள பவுண்டரி எங்கோ மேலே, மெனு புரோகிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கு முந்தைய படிக்கு எஸ்கேப் அனுப்பினால், நடுவில் இருக்கும் எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். ஒரு ஆர்டர் வரியில் அளவு தப்பு என்பதற்காகப் பயனர் மெனுவில் போய் நிற்பார்.

புரோகிராமை அழைத்தவருக்கு அல்ல, ப்ரொசீஜரை அழைத்தவருக்கு அனுப்பவேண்டிய இடங்களும் உண்டு, உங்கள் விலை ப்ரொசீஜர் மாதிரி. அதற்கு, உங்களிடம் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் புதிய பிடிஎஃப்-களும் (ஐபிஎம் தரும் திருத்தங்கள்) இருந்தால், ஏபிஐ-யே தேவையில்லை. ஆர்பிஜி-யிலேயே எஸ்என்டி-எம்எஸ்ஜி என்ற கட்டளை இருக்கிறது. வகை *எஸ்கேப் என்று கொடுத்தால், இலக்கு எதுவும் சொல்லாவிட்டாலும் அது அந்த ப்ரொசீஜரை அழைத்தவருக்குப் போகும். *இன்ஃபோ என்றால் தனக்கே. வேறு இலக்கு வேண்டுமென்றால் %டார்கெட் என்ற ஃபங்ஷன். ஒரே நிபந்தனை: அந்த வரியை விலை ப்ரொசீஜருக்குள்ளேயே எழுதுங்கள், இன்னொரு பொது ப்ரொசீஜருக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் ‘அழைத்தவர்’ யார் என்பது மறுபடியும் ஒரு படி தள்ளிப்போகும். பழைய பதிப்பில் இருப்பவர்கள், இந்த ஒரு இடத்தில் மட்டும் நட்சத்திரமும் 1-உம் கொடுத்து அனுப்பும் ஏபிஐ-யை நேரடியாக அழைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு படியை எண்ணுவது ஆபத்தில்லை, எண்ணுபவரும் எண்ணப்படுபவரும் ஒரே சோர்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரை.

இப்போது ஃபிளாக் விஷயத்துக்கு. ஒவ்வொரு மட்டத்திலும் மானிட்டர் போட்டு ஃபிளாகைத் திருப்பி அனுப்புவது, பிழையைக் கையாள்வது அல்ல, பிழையைத் தின்றுவிடுவது. கீழே இருப்பவருக்கு என்ன தப்பு என்று முழுதாகத் தெரியும். எந்த ஆர்டர், எந்த வரி, எந்தச் சரக்கு, எல்லாமே. ஒரு படி மேலே வரும்போது அது ஒரு இண்டிகேட்டராகச் சுருங்கிவிடுகிறது. திரைக்கு வரும்போது ‘பிழை ஏற்பட்டது’. பயனர்கள் கோபப்பட்டால் அதில் ஆச்சரியம் என்ன?

நடுமட்டங்களைப் பொறுத்தவரை என் பழக்கம் இது: அந்த மட்டம் பிழையைப் பார்த்து ஏதாவது செய்யப் போகிறதா? இல்லையென்றால் மானிட்டரே வேண்டாம், மெசேஜ் தன் பாட்டுக்கு ஏறிப் போகட்டும். ஏறிப் போவதற்காகத்தான் ஐஎல்இ-யில் அந்த ஏற்பாடே இருக்கிறது. செய்ய ஏதாவது இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: திரும்ப முயற்சிப்பது, பாதியில் நின்ற வேலையைத் துப்புரவு செய்வது, கூடுதல் விவரம் சேர்ப்பது.

துப்புரவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் எஸ்கேப் மெசேஜின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. எஸ்கேப்பை மேலே ஒருவர் பிடித்ததும், அவருக்கும் அனுப்பியவருக்கும் நடுவில் இருந்த எல்லாப் படிகளும் அந்த நொடியிலேயே முடிக்கப்படும். அந்த ப்ரொசீஜர்களில் மிச்சமிருந்த ஒரு வரியும் ஓடாது. நீங்கள் அப்டேட்டுக்காகப் படித்த ரெக்கார்டு பூட்டப்பட்டபடியே இருக்கும், அந்த ஃபைலைச் சர்வீஸ் புரோகிராம் திறந்து வைத்திருக்கும்வரை. நோமெயின் (மெயின் ப்ரொசீஜர் இல்லாத) மாட்யூலில் குளோபலாக வைத்திருந்த மாறிகள் பாதி நிரம்பியபடியே நிற்கும், அடுத்த ஆர்டருக்கு அதே ப்ரொசீஜர் அழைக்கப்படும்போது முந்தைய ஆர்டரின் மிச்சம் அதில் இருக்கும். நான் பார்த்த மிக விசித்திரமான பிழைகளில் ஒன்று இப்படித்தான்: முதல் ஆர்டர் பிழையில் முடிந்தால், இரண்டாவது ஆர்டரின் மொத்தத் தொகையில் முதலாவதின் மூன்று வரிகள் சேர்ந்திருக்கும். பிழை மெசேஜ் மிகச் சரியாக வந்ததால் யாரும் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இதற்கு ஆன்-எக்ஸிட் பகுதி இருக்கிறது. சப்ப்ரொசீஜரின் கடைசியில் எழுதினால், அந்த ப்ரொசீஜர் இயல்பாக முடிந்தாலும் சரி, எஸ்கேப்பால் வெட்டப்பட்டாலும் சரி, அது கட்டாயம் ஓடும். ரெக்கார்டு பூட்டை விடுவிப்பது, மாறிகளைத் துடைப்பது, தற்காலிக ஃபைலை மூடுவது எல்லாம் அங்கே போகட்டும். ஒரு இண்டிகேட்டர் கொடுத்தால், இயல்பாக முடிந்ததா அல்லது அசாதாரணமாகவா என்றும் சொல்லும். சைக்கிள் மெயினில் இதை எழுத முடியாது. புதிதாக மாற்றும் புரோகிராம்களில் வேலையையெல்லாம் சப்ப்ரொசீஜர்களில் வைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம்.

கூடுதல் விவரம் சேர்ப்பதற்கு, டயக்னாஸ்டிக் மெசேஜ் என்ற வகை இருக்கிறதே, அதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. ஐபிஎம்-இன் சொந்தக் கட்டளைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஜாப் லாக்கில் பாருங்கள். ஒரு கட்டளை தோற்றால் முதலில் ஒன்றோ இரண்டோ டயக்னாஸ்டிக் மெசேஜ்: இந்த லைப்ரரி இல்லை, அந்த ஆப்ஜெக்ட்டுக்கு அனுமதி இல்லை. அப்புறம் ஒரு எஸ்கேப்: கட்டளை நிறைவேறவில்லை. விவரம் வேறு, முடிவு வேறு. டயக்னாஸ்டிக் ஓட்டத்தை நிறுத்தாது, அதனால் எத்தனை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு ஆர்டரில் ஐந்து வரியில் தப்பு இருந்தால், ஐந்து டயக்னாஸ்டிக், கடைசியில் ஒரே ஒரு எஸ்கேப்: ‘ஆர்டர் ஏற்கப்படவில்லை’. பயனர் ஐந்தையும் ஒரே தடவையில் திருத்திவிடுவார். முதல் தப்பிலேயே எஸ்கேப் அனுப்பினால் அவர் ஐந்து தடவை என்டர் அழுத்தவேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: டயக்னாஸ்டிக்குகளையும் எஸ்கேப் போகும் அதே படிக்கு அனுப்புங்கள். உங்கள் சொந்த ப்ரொசீஜரின் கியூவுக்கு அனுப்பினால், எஸ்கேப் வெட்டும்போது அந்தப் படியே போய்விடும். ஜாப் லாக்கில் மெசேஜ் இருக்கும், ஆனால் ஆர்டர் திரையின் மெசேஜ் சப்ஃபைலில் (திரையில் மெசேஜ்கள் வரும் பட்டியல்) வராது. நடுவில் இருக்கும் ஒரு சிஎல் புரோகிராம் எல்லாவற்றையும் வாங்கி மேலே தள்ளவேண்டுமென்றால், அதற்கென்றே இரண்டு ஏபிஐ இருக்கின்றன: கியூஎம்எச்எம்ஓவிபிஎம் டயக்னாஸ்டிக்குகளை மேலே நகர்த்தும், கியூஎம்எச்ஆர்எஸ்என்இஎம் எஸ்கேப்பை மறுபடி அனுப்பும். வரிசை முக்கியம், முதலில் நகர்த்துங்கள், பிறகு அனுப்புங்கள். அனுப்பிய பின் உங்கள் புரோகிராமே இருக்காது.

ஆர்டர் திரை எதைப் பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்பதிலும் ஒரு மாற்றம் தேவை. உங்கள் கடிதத்தில் சிபிஎஃப்9898 என்ற பொது மெசேஜ் எண்ணைப் பயன்படுத்துவது போலத் தெரிகிறது (முற்றுப்புள்ளிக் கேள்வியிலிருந்து ஊகித்தேன்). எல்லாப் பிழைக்கும் அதே எண் என்றால், அழைத்தவர் வாசகத்தைப் படித்துத்தான் எது என்ன பிழை என்று கண்டுபிடிக்கவேண்டும். யாராவது ஒரு எழுத்தைத் திருத்தினால் அந்த ஒப்பீடு உடையும். உங்களுக்கென்று ஒரு மெசேஜ் ஃபைல் உருவாக்குங்கள். எண் ஏழு எழுத்து: முன்னால் மூன்று உங்கள் சிஸ்டத்தின் அடையாளம், பின்னால் நான்கு இலக்கம். முதல் நிலை வாசகம் 132 எழுத்துவரை, இரண்டாம் நிலை 3000 எழுத்துவரை போகும். பயனர் கர்சரை மெசேஜ் மேல் வைத்து ஹெல்ப் அழுத்தினால் இரண்டாம் நிலை வரும். ‘இதைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டும்’ என்பதை அங்கே எழுதுங்கள், பாதி தொலைபேசி அழைப்புகள் குறையும்.

பிடிக்கும் பக்கத்தில், 2001-இல் வி5ஆர்1 பதிப்போடு வந்த மானிட்டரும் ஆன்-எரரும் ஸ்டேட்டஸ் எண்ணைத்தான் பார்க்கும். கீழே என்ன நடந்திருந்தாலும், மேலே தெரிவது ‘அழைக்கப்பட்ட புரோகிராம் தோற்றது’ என்கிற 202. எந்த மெசேஜ் என்று தெரிய, புரோகிராம் ஸ்டேட்டஸ் டேட்டா ஸ்ட்ரக்சரின் 40 முதல் 46 வரையிலான இடத்தைப் பாருங்கள், மெசேஜ் எண் அங்கே இருக்கும். 91 முதல் 170 வரை வாசகம், ஆனால் 80 எழுத்துதான், நீளமான மெசேஜ் அங்கே வெட்டுப்படும். அந்த ஸ்ட்ரக்சர் மாட்யூலுக்கு ஒன்றுதான் என்பதையும் மறக்காதீர்கள். ஆன்-எரருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதை உங்கள் மாறிக்கு எடுத்துவிடுங்கள், இன்னொரு அழைப்பு தோற்றால் அது மேலெழுதப்படும். முழு வாசகமும் வேண்டுமென்றால் கியூஎம்எச்ஆர்சிவிபிஎம்-ஐக் கொண்டு மெசேஜை வாங்குங்கள். புதிய பதிப்பில் ஆன்-எக்ஸிபி என்றே ஒன்று வந்துவிட்டது. மெசேஜ் எண்ணை நேராகக் கொடுத்துப் பிடிக்கலாம், 202-ஐப் பார்த்து ஊகிக்கவேண்டியதில்லை. எஸ்என்டி-எம்எஸ்ஜி கிடைக்கும் இடத்தில் இதுவும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் எஸ்கேப்பாக அனுப்பவும் வேண்டாம். வாடிக்கையாளர் எண்ணைத் தேடினேன், இல்லை என்பது பிழையா? தேடும் ப்ரொசீஜருக்கு அது ஒரு சாதாரணப் பதில்தான். அதற்கு ரிட்டர்ன் வேல்யூ போதும், உங்கள் ஃபிளாக் அங்கே பொருத்தமாகவே இருக்கும். அழைத்தவர் எதிர்பார்க்க வாய்ப்பில்லாத ஒன்று நடந்தால் மட்டும் எஸ்கேப்.

அனுப்பும் ஏபிஐ-யின் கடைசியில் வரும் எரர் கோடு ஸ்ட்ரக்சரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் முதல் நான்கு பைட்டில் 0 வைத்தால், ஏபிஐ தோற்கும்போது அதுவே உங்களுக்கு எஸ்கேப் அனுப்பும். 8 அல்லது அதற்கு மேல் வைத்தால் சத்தம் போடாமல் ஸ்ட்ரக்சரில் எழுதிவிட்டுத் திரும்பிவிடும். பலரும் எங்கேயோ பார்த்து 16 வைக்கிறார்கள், திரும்பியபின் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கவுன்ட்டர் ஸ்டேக்கைத் தாண்டிப் போனாலோ மெசேஜ் ஃபைல் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலோ எஸ்கேப் போகவே போகாது, ஓட்டம் அடுத்த வரிக்கு நகரும், பிழையான ஆர்டர் பதிவாகிவிடும். பிழை மெசேஜ் அனுப்பும் இடத்தில் 0 வையுங்கள். அங்கே தோற்பதை மறைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மாற்றியதும் ஒரே புரோகிராமை மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்: அழைப்பவரோடு ஒரே ஆக்டிவேஷன் குரூப்பில் ஒரு தடவை, *நியூ-வில் ஒரு தடவை, பழைய ஓபிஎம் சிஎல்-லிலிருந்து ஒரு தடவை. மூன்றிலும் அழைத்தவரின் கையில் உங்கள் சொந்த மெசேஜ் எண் வந்தால் சரி. ஒன்றில் மட்டும் சிஇஇ9901 வந்தால் எங்கேயோ இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஜாப் லாக்கில் அந்த மெசேஜின் விவரத்தைத் திறந்தால், எந்தப் புரோகிராமுக்கு, எந்த ப்ரொசீஜருக்கு அனுப்பப்பட்டது என்று இருக்கும். அங்கே பிஇபி பெயர் இருந்தால் அதுதான் குற்றவாளி.

முற்றுப்புள்ளி: சிபிஎஃப்9898-இன் வாசகம், நீங்கள் கொடுக்கும் டேட்டாவும் அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளியும்தான். நான்காவது பாராமீட்டரில் டேட்டாவின் நீளமாக ஃபீல்டின் முழு நீளத்தையும், 256 என்று வைத்துக்கொள்வோம், கொடுக்கிறீர்கள். மெசேஜ் 40 எழுத்து, மிச்சம் வெற்றிடம், புள்ளி அதற்கு அப்பால். %டிரிம்ஆர் கொண்டு வலப்பக்க வெற்றிடத்தை வெட்டிவிட்டு, அப்புறம் நீளத்தைக் கொடுங்கள். புள்ளியே வேண்டாமென்றால் சிபிஎஃப்9897, அதில் புள்ளி கிடையாது.